காற்றூதிய வானம்

பள்ளிக்கூட மண்டபத்தில் மின்விசிறி ஊதி நிறுத்தியிருந்த கறுப்புத் துணிக் கூடாரம்தான் அவள் பிழைப்பு. பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே போனால், நடுவிலிருக்கும் ஒளிக்கருவி கூரையெங்கும் நட்சத்திரங்களைக் கொட்டும். நட்சத்திர அக்கா என்பார்கள் அவளை. உதவிக்குக் கொழுந்தன்.

போன வருஷம் வேறொரு பள்ளியில், நேரமாகிவிட்டதென்று தலைகளை எண்ணாமல் விசிறியை அணைத்துத் தொலைத்தாள். அவசரத்துக்குப் புத்தி ஏது? சரிந்த துணிக்கடியில் ஒரு சிறுமி. இழுத்து எடுத்தார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று போன பேச்சு இன்னும் திரும்பவில்லை. மாதம் தவறாமல் சிறுமியின் அம்மாவுக்குப் போன் செய்வாள் அக்கா. "இன்னும் இல்லம்மா" என்ற பதிலைக் கேட்டபின் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சூடு கண்ட பூனை அல்லவா, இப்போதெல்லாம் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள்.

"நீங்க தடவித் தடவியே பிள்ளைங்க தலை வழுக்கையாயிடும் அண்ணி" என்பான் கொழுந்தன்.

இன்று உள்ளே போனது இருபத்தெட்டு, வெளியே வந்ததும் இருபத்தெட்டு. பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் கருவியை எடுக்கத் தவழ்ந்து போனாள்.

"அக்கா, நிலாவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

 போன வருஷம் அந்தச் சிறுமி கடைசியாகக் கேட்ட கேள்வி, அதே குரல். துழாவிப் பார்த்தாள், ஆள் இல்லை. பயத்தையும் மீறி ஒரு சந்தோஷம் பொங்கியது. தொலைந்த பேச்சு இங்கேதான் இருக்கிறது.

"வா கண்ணு, வீட்டுக்குப் போகலாம். அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

"எப்படி வர்றது? தினமும் என்னையும் சேர்த்து மடிச்சு வண்டியில போட்டுடுறீங்களே."

 இத்தனை நாளும் தன் கையாலேயே மடித்திருக்கிறாள், பாவி.

வண்டியிலிருந்து திரும்பி வந்த கொழுந்தன், அண்ணி ஆசிரியரிடம் பேசப் போயிருப்பாள் என்று நினைத்து விசிறியை அணைத்தான். பிள்ளைகளை எண்ணினார்களே தவிர, அவளை யார் எண்ணினார்கள்?

துணி தலைமேல் சரிந்தது. "அணைக்காதே" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் பதறிப்போய் மறுபடி போட்டான். கூடாரம் மெல்ல எழுந்தது. திக்குத் தெரியாமல் பின்பக்க ஜிப்பைத் திறந்து வெளியே விழுந்தாள்.

கொழுந்தன் முன்வாசலில் குனிந்து நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணி. உள்ள யாரோட பேசிக்கிட்டு இருக்கீங்க? வெளிய வாங்க."

கூடாரத்தைச் சுற்றி வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

கூடாரத்துக்குள் அவள் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "பயப்படாத கண்ணு. இனிமே நீ தனியா இல்ல, நான் வந்துட்டேன்."