டோமினிக் கேட்ட சுடுதண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான்தான். பெயர் ஜென்சி, ஸ்ரீரங்கத்தில் தமிழ் டீச்சர்.

முதல் வரியாக “என் தம்பிக்கு வயிற்றுப்புண்” என்று எழுதி அடித்துவிட்டேன். அடுத்தது: “பாலக்கரையில் ஒருவன் ஓயாமல்…” யார் அந்த ஒருவன்? என் தம்பி டோமினிக். காந்தி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வயது இருபத்தாறு.

2

திருச்சி சித்திரையில் குழாய்த் தண்ணீரே சுடும். அந்த வெயிலில் இவன் சுடுதண்ணீர் கேட்டான். காலையில் வாந்தி ஆரம்பித்தால் மத்தியானம் வரை நிற்காது. தலையில் சுடச்சுட ஊற்றினால் மட்டும் அடங்கும். அம்மா வேளாங்கண்ணி எண்ணெயை வயிற்றில் தடவி ஜெபித்தார். நான் வாளி வாளியாகச் சுமந்தேன்.

(சிலிண்டர் பதினெட்டே நாளில் தீர்ந்ததற்கு, கொண்டுவந்து போடுகிறவரிடம் சண்டை பிடித்தேன். அந்தச் சண்டையை நன்றாகவே எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.)

3

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் கேட்டார்:

“சுடுதண்ணியில குளிச்சா சரியாகுதாம்மா?”

“ஆமா டாக்டர், அதுல மட்டுந்தான்.”

“கஞ்சா பழக்கம் இருக்கா?”

“எங்க குடும்பத்துல அதெல்லாம் கிடையாதுங்க.”

அவன் சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலத்தை நான் பார்த்து அப்போதே ஒரு வருஷம் ஆகியிருந்தது. மானம் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த மாதம் உடம்பில் நீர் வற்றி மயங்கி விழுந்தான். அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.

“அதுதாம்மா வாந்திக்குக் காரணம். விட்டா நிக்கும், தொட்டா திரும்பவும் வரும். இன்னொரு தடவை இப்படி ஆனா கிட்னி தாங்காது.”

டிரிப்ஸ் ஏறும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“வாந்தி நிக்கும்னு நெனச்சுத்தான்க்கா இன்னும் இழுத்தேன்,” என்றான்.

“இனிமே என்கிட்ட மறைக்காதடா. நானும் யார்கிட்டயும் மறைக்க மாட்டேன்.”

4

வாராவாரம் கவுன்சலிங். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துவேன். ஒரு தடவை மறுபடியும் இழுத்துவிட்டான். அன்றைக்கே வந்து சொன்னான். அதன்பிறகு ஆறு மாதமாகப் பச்சைத் தண்ணீர்தான். முதல் சொம்பு விழுந்ததும் “அய்யோ!” என்று கத்துவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் காபி இறங்கும்.

[நேற்று வரை இதுதான் முடிவு.]

5

இன்று காலை பாத்ரூமிலிருந்து குரல்:

“அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி வச்சுத் தர்றியா?”

ஒரு முடிவு: மார்கழிப் பனியில் லோடு இறக்கிவிட்டு வந்திருக்கிறான். குளிர், வேறொன்றுமில்லை.

இன்னொரு முடிவு: அவன் மறுபடியும்

எழுத வரவில்லை.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. கேட்கப் பயந்துதான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டாக்டரம்மா கேட்ட கேள்வியை இப்போது நான் அவனிடம் கேட்க வேண்டும். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் தண்ணீரை நான்தான் ஊற்றுவேன்.

வாளியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். இந்தப் பேனாவைக் கொஞ்சம் பிடியுங்கள்.