சின்னக்கருப்பு வகையறாவில் ஒருவர்

ஜாவா படித்தவனுக்குத் தேனியில் என்ன வேலை கிடைக்கும்? விஜயபாண்டிக்குக் கல்யாணத் தரகு கிடைத்தது. 2003-ல் ராஜமணியின் திருமணத் தகவல் மையத்துக்குப் புரோகிராம் எழுதித் தருகிற வேலை. பெங்களூருக்குப் போனவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவன் தேடிப் போய் வாங்கிய வேலை அது. காரணம் கயல்.

கயல் கம்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அவனோடு ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா படித்தவள். ஜாதி ஒன்று, முறையும் சரி. ஆனாலும் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டது என்று தெரிந்தால், அவளுடைய அப்பா வேலுச்சாமி திராட்சைக்கு அடிக்கிற மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் திட்டம் போட்டது அவள்தான்.

“மனுசங்க சொன்னா எங்கப்பா நம்ப மாட்டாக. கம்ப்யூட்டர் சொன்னா சாமி வாக்கு மாதிரி கேட்டுக்கிருவாக. உங்க பேரை அது சொல்லட்டும்” என்றாள்.

ராஜமணி ஜாதகங்களைக் குலசாமிவாரியாகக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். பெண் வீட்டார் வந்தால் முதல் கேள்வியே, “நீங்க எந்தச் சாமி கும்பிடுறவுக?” என்பதுதான். ஒரே சாமி என்றால் பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை. அந்தக் கட்டைத் தொடவே கூடாது. விஜயபாண்டி இதை அப்படியே ஜாவாவின் மேப்பில் இறக்கினான். கீ என்று ஒரு பெயரைச் சொல்லி அதில் வேல்யூ என்று ஒன்றை வைத்தால், அதே கீயைச் சொல்லிக் கேட்கும்போது மேப் எடுத்துக் கொடுக்கும். சாமி பெயர் கீ, மாப்பிள்ளை வேல்யூ. மூன்று சாமிக்கு மூன்று மாப்பிள்ளைகளைப் போட்டுப் பார்த்தான். மூவரும் வந்தார்கள். அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒரே கீயில் இரண்டாவது ஆளைப் போட்டால், மேப் முதல் ஆளைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும். இதை வாத்தியார் ஸ்டீவன் நடத்திய அன்று விஜயபாண்டி, முன்வரிசையில் இருந்த கயலின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயல் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் குலசாமி சின்னக்கருப்புக்கு முதல் ஆளாகத் தன்னைப் போட்டுக்கொண்டான். எல்லாம் முடிகிற நேரத்தில் ராஜமணி ஒரு போட்டோவோடு வந்தார்.

“ஏலே, உங்க பெரியப்பா மகன் மாரிசெல்வத்தையும் சேத்துரு. எஸ்டேட்டுக்கு ரெண்டு ஜீப்பு விடுறான்.”

அண்ணன்தானே, எப்படியும் நமக்குக் கீழேதான் வருவான் என்று சிரித்துக்கொண்டே தன் கையாலேயே தட்டினான்.

மறுநாள் வேலுச்சாமி கயலோடு வந்தார். கம்ப்யூட்டர் இருக்கிற அறை என்று செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். ராஜமணி பின்னால் நின்றுகொண்டார். புரோகிராம் நன்றாக ஓடினால் போடியிலும் கம்பத்திலும் இதையே விற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

“ஆளு தப்புப் பண்ணுவான், இது பண்ணாதுங்கய்யா” என்று விஜயபாண்டி பட்டனைத் தட்டினான்.

சாமிக்கு ஒருவராக மாப்பிள்ளைகள் வந்தார்கள். சின்னக்கருப்புக்கு நேரே மாரிசெல்வம். விஜயபாண்டியைக் காணவில்லை. ஸ்டீவன் வாத்தியாரின் குரல் இப்போதுதான் காதில் விழுந்தது.

“ஜீப்புக்காரத் தம்பியா? நல்ல குடும்பம்” என்ற வேலுச்சாமி, பிறகு தானாகவே வழி விட்டார். “ஏந் தம்பி, சின்னக்கருப்பு வகையறாவுல வேற ஆளே இல்லையா?”

கயல் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். புரோகிராமில் தப்பு இருக்கிறது, நானும் இருக்கிறேன் என்று சொன்னால் போதும். ராஜமணி தொண்டையைச் செருமினார்.

“இருந்தா காட்டியிருக்கும்ங்கய்யா” என்றான் விஜயபாண்டி.

பாவி. யாரும் அவன் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை.

“என்னத்தா, சம்மதமா?” என்று மகளைக் கேட்டார் வேலுச்சாமி.

“வேற ஆளு இல்லைன்னு அவுகளே சொல்லிட்டாகளேப்பா. பேசி முடிங்க.”

அவர்கள் போனதும் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினான். சாமிக்கு ஒரு ஆள் என்பதை, சாமிக்கு ஒரு பட்டியல் என்று மாற்றினான். அதிக நேரம் பிடிக்கவில்லை. தட்டினால் விஜயபாண்டி, மாரிசெல்வம் என்று வரிசையாக வந்தது. அவன் பெயர்தான் முதலில் இருந்தது.

கல்யாணத்தில் வேலுச்சாமி வந்தவர்களிடமெல்லாம் மெசினின் பெருமை பேசினார். போடிக்காரர் ஒருவர் விலையே கேட்டுவிட்டார். பங்காளிகள் போட்டோவுக்கு மேடையேறியபோது, விஜயபாண்டி மணப்பெண்ணின் பக்கத்தில் வந்து நின்றான்.

“மேப்புல தப்பு நடந்துருச்சு கயல்” என்றான் மெதுவாக.

“அது உங்க பேரைத் தூக்கிருச்சுன்னு எனக்கு அங்கனயே தெரியும், கொழுந்தனாரே” என்றாள் கயல், கேமராவைப் பார்த்தபடி. “நான் மெசினையா பாத்தேன்? உங்க வாயைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

போட்டோக்காரர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். விஜயபாண்டி நெருங்கி நின்றான்.