தானாகத் திரும்பிய ஸ்டியரிங்

"உன் அண்ணன்கிட்ட கேளு, இந்தச் சிவப்பு இரும்புத் துண்டை எந்த மகான் மாட்டச் சொன்னாருன்னு."

குரல் ஜீப்புக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்த கால்கள், பக்கத்தில் நின்றிருந்தவளின் புருஷனுடையவை. வீல் அலைன்மென்ட் கடையும் அவனுடையதுதான். பதில் சொல்ல வேண்டிய அண்ணன் அந்தக் கால்களை மிதித்துவிடாமல் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான்.

"வண்டியை உசத்துற கிட்டோட வந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லு."

"அவருக்கென்ன காது செவிடா? நீயே சொல்லேன்," என்றாள் அவள்.

"நான் உன்கூடத்தான் பேசறேன்."

மாசக்கணக்காக இந்தக் கூத்து. உயரமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கிய ஜீப்பை அண்ணன் பெருமையாகக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, புருஷன் நாலு பேர் முன்னால், "ஏறுறதுக்கு ஏணியும் சேர்த்துக் குடுத்தாங்களா?" என்று கேட்டு வைத்தான். அன்றோடு பேச்சு அறுந்தது. வண்டி உயர்ந்தால் தானும் உயர்ந்துவிடுவோம் என்று நம்புகிற ரகம் அண்ணன். அதைக் கண்டு சிரிக்காவிட்டால் சோறு இறங்காத ரகம் புருஷன். நடுவில் அவளுக்குத் தபால்காரி உத்தியோகம்.

இன்றைக்கு அண்ணன் ரோஷத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. நேற்று மலை இறக்கத்தில் ஒரு குழியில் விழுந்து எழுந்த ஜீப், அவன் திருப்பாமலேயே எதிர்ப்பக்கம் பாய்ந்து ஒரு லாரியின் மூக்கடியில் போய் நின்றது. உள்ளே லாட்ஜ் விருந்தாளிகள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பார்த்துக்குவேன்" என்று லாட்ஜ்காரர் சொல்லிவிட்டார். அந்த லாட்ஜ் சவாரியை விட்டால் அண்ணனுக்கு வேறு பிழைப்பு இல்லை. அடுத்த சவாரி நாளைக் காலையில்.

"ஸ்டியரிங் டாம்பர் ஒண்ணு போட்டா ஆட்டம் நின்னுரும். அதைப் போட்டா போதும்னு சொல்லு," என்றான் அண்ணன்.

"வயித்து வலிக்காரன் கத்தறான்னு வாயில துணி அடைக்கச் சொல்றாரு உங்கண்ணன்."

"எங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் டாம்பர்தான் போட்டிருக்காங்க."

"எத்தனை பேர் உசுரோட இருக்காங்கன்னு கேளு."

"போதும்!" என்றாள் அவள். "அண்ணே, நீ ஏறி உட்காரு. சாவியைத் திருப்பி லாக்கை எடு. ஸ்டியரிங்கைத் தொடாதே. ஏங்க, நீங்க வெளிய வந்து பம்பர்ல ஏறி நின்னு குதிங்க."

புருஷன் குதித்தான். ஜீப்பின் மூக்கு அமுங்கி எழுந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் பேய் பிடித்தாற்போல் இடமும் வலமும் தானாகத் திரும்பியது. அண்ணன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"யாரு திருப்பறா?" என்றாள்.

"லேசா காத்தடிக்குது."

"ஷட்டர் போட்ட கடைக்குள்ள காத்தா? இறங்கு. அடியில போய் உன் கண்ணால பாரு."

அண்ணன் புதுச் சட்டையோடு படுத்து உள்ளே நகர்ந்தான். பக்கத்தில் புருஷனும் படுத்தான். இருவர் தோளும் இடித்தன. இருவரும் வண்டியின் வயிற்றோடு பேசுவதுபோல் மேலே பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்டியரிங்லேர்ந்து சக்கரத்துக்குப் போற கம்பி ஒண்ணு. ஆக்ஸிலைச் சட்டத்தோட பிடிச்சிருக்கிற கம்பி ஒண்ணு. ரெண்டும் ஒரே சாய்வுல இருந்தாத்தான் குழியில ஒண்ணா ஏறி இறங்கும்," என்றான் புருஷன், ஆக்ஸிலிடம். "சிவப்புத் துண்டு மாட்டி ஒரு கம்பியை மட்டும் இறக்கியாச்சு. ஒண்ணு ஒரு பக்கம் இழுக்குது, இன்னொண்ணு வேற பக்கம் இழுக்குது. பழைய துண்டை மாட்டினா ரெண்டும் ஒரே சாய்வு. அவ்வளவுதான்."

அண்ணனுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கோபம்.

"அது இருக்கிற அழகே தனி," என்றான். "எல்லாரும் குனிஞ்சு பார்த்து போட்டோ எடுக்கறாங்க."

"லாரிக்கு அடியில கிடந்தாலும் எடுப்பாங்க," என்றாள் அவள். "சரி, லாட்ஜுக்குப் போன் போடறேன். நாளைக்கு வேற வண்டி பார்த்துக்கட்டும்."

நிஜமாகவே நம்பரைத் தட்டினாள். மணி அடிப்பது வண்டிக்கு அடியில் கிடந்தவர்களுக்கும் கேட்டது.

"வை, வை! போனை வை!" வண்டிக்கு அடியிலிருந்து அண்ணனின் கை மட்டும் வெளியே வந்து ஆடியது. "பழைய துண்டு பின்சீட்டுக்கு அடியில கிடக்கு. எடுத்துக் குடு."

நட்டு லேசில் கழலவில்லை. துண்டை இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி இருவரும் சேர்ந்து முறுக்க வேண்டியிருந்தது. கனமான துண்டு சட்டென்று விடுபட்டதும் அண்ணன் அலறினான்: "பிடிய்யா முட்டாள், மூஞ்சில விழப்போகுது!"

புருஷன் பிடித்தான். "யாருய்யா முட்டாள்? மாட்டினவனா, கழட்டினவனா?"

இத்தனை மாசத்தில் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இதுதான். அவளுக்கு ஆனந்தக் கண்ணீர் ஒன்றும் வரவில்லை. பழைய துண்டை அடியில் தள்ளினாள். அவர்கள் அதை முறுக்கி முடித்ததும் கம்பியின் நீளத்தைத் திருத்தி, மெஷினில் சக்கரங்களைச் சரிபார்த்தாள். "குழியா இருக்கிற ரோடாப் பார்த்துப் போயிட்டு வா," என்றாள் அண்ணனிடம். "குழி வர்ற இடத்துல ஸ்டியரிங்கை இறுக்காம, லேசாப் பிடி."

அண்ணன் போய்த் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவன் இறங்கவில்லை. மேலிருந்தே ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, திரும்புச்சா?"

"இல்லே. நேராத்தான் போச்சு."

"அப்புறம் என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

அண்ணன் புருஷனைப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று புருஷனும் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

"ரோட்டை நல்லாப் போட்டிருக்காங்க," என்றான் அண்ணன் தங்கையிடம்.

"லாட்ஜ்காரர் திரும்பக் கூப்பிட்டாரு," என்றாள் அவள். "வண்டி சரியாயிருச்சு, காலைல வரும்னு சொல்லிட்டேன். ஓட்டறவன் சரியாயிட்டான்னு மட்டும் சொல்லலே."