தியரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது

1

"தியரி சின்னப் பிள்ளையா இருந்தப்ப அதுக்கு என்ன பேரும்மா?"

ஓர் அறிவியல் ஆசிரியையிடம் அவருடைய ஏழு வயது மகள் கேட்டது. இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

ஆசிரியை பூரித்துப்போனார். "கருதுகோள்னு பேரு, கண்ணு. சோதிச்சுப் பார்க்க வேண்டிய யூகம். வயசு ஏறினா மட்டும் அது தியரி ஆயிடாது. நிறைய யூகத்தைச் சோதிச்சு, தப்பானதைத் தள்ளி, நின்னதையெல்லாம் சேர்த்து, ஏன் இப்படி நடக்குதுன்னு விளக்கினாத்தான் தியரி."

[இங்கேயே நிறுத்தியிருந்தால் இது பாடநூல் ஆகியிருக்கும்.]

2

"நாற்பது பிணங்கள்! கொலைகாரன் யாரென்றால்…" வேண்டாம், இந்தத் தொடக்கம் மலிவு.

மறுநாள் காலை, விடுமுறை முடிந்து திறந்த பள்ளி ஆய்வகத்தில், மாணவர்கள் பிளாஸ்டிக் கோப்பைகளில் வளர்த்த நாற்பது அவரைச் செடிகளும் வாடிக் கிடந்தன. ஆசிரியர் அறையில் நம் ஆசிரியை அறிவித்தார்:

"என் தியரி என்னன்னா, லேப் அக்கா லீவு நாள்ல தண்ணியே ஊத்தலை."

லேப் அக்கா ஆய்வக உதவியாளர். ஒப்பந்த வேலை, மறுநாள் புதுப்பிக்க வேண்டும்.

"நீங்க சயின்ஸ் டீச்சர். சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் கணக்கு வாத்தியார். நிரூபிக்காமல் எதையும் விடாதவர், கரும்பலகையில் மட்டும்.

சாப்பாட்டு மணிக்குள் யூகத்துக்கு மீசை முளைத்துவிட்டது. ஆசிரியை எழுதிய புகார்க் கடிதம் தலைமையாசிரியர் மேசைக்கே போய்விட்டது. அந்தப் புகார் நிலைத்தால் அக்காவுக்கு வேலை இல்லை.

(அடிக்குறிப்பு: அதுவரை ஒருவரும் ஒரு செடியையும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்ப்பது எட்டாம் வகுப்புப் பாடம்.)

3

லேப் அக்காவைக் கொஞ்சம் அழவைக்க நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"செய்முறைத் தாள்ல போட்டபடி தினம் அரை டம்ளர் ஊத்தினேன் டீச்சர். லீவுலயும் பஸ் ஏறி வந்து ஊத்தினேன். மண்ணைத் தொட்டுத்தான் பாருங்களேன்," என்று சொல்லிவிட்டுச் சோதனைக்குழாய் கழுவப் போய்விட்டார்.

தண்ணீர் ஊற்றவில்லை என்றால் மண் காய்ந்திருக்க வேண்டும். எல்லோரும் வீட்டுக்குப் போனபின் ஆசிரியை விரலை விட்டுப் பார்த்தார். சேறு. ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் அழுகி நாறியது. கோப்பையைக் கவிழ்த்தார், அடியில் துளை இல்லை. கோப்பை வாங்கித் தந்தவர், செய்முறைத் தாள் எழுதியவர், அதில் 'அடியில் துளையிடவும்' என்ற வரியை மறந்தவர், எல்லாம் ஒருவரே.

4

முடிவு ஒன்று: ஆசிரியர் அறையில் கண்ணீர், மன்னிப்பு, கைதட்டல். (அந்த அறையில் சம்பள உயர்வுக்குக்கூட யாரும் கைதட்டியதில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஆசிரியை வாயை மூடிக்கொள்கிறார். வழக்கமாக நடப்பது இதுதான், ஆனாலும் எனக்கு மனம்…

முடிவு மூன்று என் கருதுகோள். சோதிப்பது உங்கள் பாடு. ஆளில்லாத தலைமையாசிரியர் அறையில், தன் கடிதத்தின் கீழே, "தவறு என்னுடையது. இவர் விடுமுறையிலும் வந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்திட்டார் ஆசிரியை. பிறகு ஆய்வகத்துக்குத் திரும்பி, மறுநாள் காலையில் லேப் அக்கா கழுவ வேண்டியிருந்த நாற்பது கோப்பைகளையும் தானே கழுவினார். காம்பஸ் முனையால் ஒவ்வொன்றிலும் துளையிட்டுக் கவிழ்த்துவைத்தார். விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

பார்த்தவர் கடவுள் மட்டும். அவர் யாரிடமும் சொல்வதில்லை, என்னிடமும் சொல்லவில்லை.