வெள்ளிக்கிழமை ஃபெரி

சுஹானாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். அந்த வாரம் முழுக்க அவள் கை பேசிக்கொண்டே இருந்தது. அலமாரிக் கதவை மூடினால் படார், துணிப் பெட்டியை இறக்கினால் தொம். பினாங்கு குவீன் ஸ்திரீட்டில் இருந்த அவர்களுடைய ஜவுளிக்கடைக்கு வந்தவர்கள்கூட ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சேலையைத் தொட்டார்கள்.

யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லி முடித்துவிட முடியாது. புருஷன் கனி மேலே பாதி. பாலர் பள்ளிக்கு லீவு விட ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய இரண்டு வாரத்தைப் பார்த்துப் பிடித்த புண்ணியவான் மேலே கொஞ்சம். கடையில் வேலைக்கு இருந்த ஒரே பெண் ஃபரா பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் இடத்துக்கு ஆள் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று கனி சொல்லிக்கொண்டே இருந்தான். பார்த்தானா என்றால் இல்லை. சம்பளம் கேட்காத ஆள் ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது எவன் வெளியே தேடுவான்?

ஐந்து வயது மகள் ஹுஸ்னாவுக்கு லீவு என்றால் கவுண்டருக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி, ஒரு டேப்லெட், இரண்டு பாக்கெட் பிஸ்கட். அவ்வளவுதான். பிள்ளை அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. அதுதான் சுஹானாவைப் பிடுங்கித் தின்றது.

இந்த நேரம் பார்த்து ஷா ஆலத்திலிருந்து நாத்தனார் ஷரீஃபா போன் போட்டாள்.

"சுஹானா, பிள்ளைய எங்கிட்ட அனுப்பிடு. இங்க எம் பிள்ளைங்களோட ஸ்விம்மிங், மால்னு சந்தோசமா இருக்கும். நீதான் என்ன செய்வே பாவம், ஒனக்கு டைம் இல்ல. ஞாயித்துக்கெழம நானே கெரேத்தா ஓட்டிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஷரீஃபா கெட்டவள் இல்லை. அந்தப் 'பாவம்'தான் முள்ளாகக் குத்தியது.

"போயிட்டு வரட்டும்லா," என்றான் கனி. "ஒனக்கும் ஃப்ரீ."

"யாரு ஃப்ரீ கேட்டா? இந்த வாரம் நா அவளப் பாத்துக்கறேன். நா ஒண்ணும் செய்யலன்னா ஞாயித்துக்கெழம தாராளமா அனுப்புங்க."

சொல்லிவிட்டாள். பிள்ளை ஒரு வாரம் மாமி வீட்டுக்குப் போவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் இந்த வருஷம் போனால் அடுத்த லீவுக்கு அவளே பையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். லீவு என்றால் மாமி, அம்மா என்றால் கடை என்று அந்தச் சின்ன மண்டையில் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது என்று அவள் பயந்தாள்.

போனில் வீடியோ பார்த்துத் திட்டம் போட்டாள். வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்ய எளிய விளையாட்டுகள், ஐந்தே நிமிடம் என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஐந்து நிமிடமாம். அவள் வீட்டில் போன் அடிக்காது போலிருக்கிறது. திங்கட்கிழமை சுங்கை பினாங்கில் இருந்த தங்கள் பிளாட்டில் காலையிலேயே அரிசிக்குச் சாயம் பூசிக் காயவைத்தார்கள். அதைத் தாளில் ஒட்ட உட்காருவதற்குள் கூலிம் கடைக்காரர் சரக்கு எடுக்க வந்துவிட்டார் என்று கனி கூப்பிட்டான். போய்விட்டு வந்து பார்த்தால் பச்சை அரிசியும் சிவப்பு அரிசியும் எறும்புக்கு விருந்து. அடுத்த நாள் பஞ்சில் பயறு போட்டு முளைக்கவிடலாம் என்றாள். பயறு போட்டதோடு சரி, தண்ணீர் தெளிக்க இரண்டு பேருக்கும் நினைவில்லை. புதன்கிழமை சோப்புத் தண்ணீரில் குமிழி ஊதலாம் என்றவள் ராத்திரி வீடு வந்து சோபாவில் சாய்ந்தாள், காலையில்தான் எழுந்தாள். வியாழன் மாலைக்கு எந்தத் திட்டமும் போடவில்லை. ஹுஸ்னாவும் ஒன்றும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை. மற்ற நாளில் பகலில் கடையை மூடு என்றால் கனிக்கு உயிர் போகும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மட்டும் அந்த வரிசையில் இருக்கும் முஸ்லிம் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிடும். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப எப்படியும் இரண்டரை ஆகும். அந்த நேரம் சுஹானாவுடையது. அதை யாரும் கேட்டுப் பிடுங்க முடியாது.

"நாளைக்கு ஃபெரியில போவோமா?" என்று வியாழன் ராத்திரி கேட்டாள். "கப்பல்ல ஏறி அக்கரைக்கு, பட்டர்வொர்த்து போயி, எறங்கி, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டு, திரும்பி வந்துருவோம். நீயும் நானும் மட்டும்."

பினாங்கில் பிறந்த பிள்ளை ஃபெரியில் ஏறியதே இல்லை. எங்கே போனாலும் காரில் பாலத்து வழியாகத்தான். ஹுஸ்னா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு போய் ஷூவை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு மணி வாக்கில், பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், சவுந்தரம் அக்கா உள்ளே வந்தாள். பட்டர்வொர்த்தில் இருக்கும் பழைய கஸ்டமர். தம்பி மகளுக்குக் கல்யாணம், மாதா கோயிலில் சாமியார் முன்னால் தாலி கட்டும்போது உடுத்த வெள்ளைச் சேலை வேண்டும் என்றாள்.

"அக்கா வந்துட்டாங்க, ரெண்டு காட்டிட்டுக் கெளம்பு," என்று சொல்லிக்கொண்டே கனி தொப்பியை எடுத்தான். பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான்.

சுஹானா மளமளவென்று நாலைந்து சேலையை விரித்துப் போட்டாள். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. பாதிதான் இறக்குவான் என்று நினைத்தாள். முழுசாக இறங்கியது. அப்புறம் பூட்டு விழுந்தது.

"என்னங்க," என்று ஓடிப்போய் ஷட்டரைத் தட்டினாள். போயே போய்விட்டான். வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தோறும் இழுத்துப் பூட்டிய கை, உள்ளே பெண்டாட்டி பிள்ளை இருப்பதைக் கேட்டுக்கொண்டா பூட்டும்? போன் போட்டாள். பள்ளிவாசலுக்குள் நுழையும்போதே போனை அமர்த்திவிடும் நல்ல பழக்கம் அவனுக்கு உண்டு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் அங்கேதான் உட்கார்ந்து குத்பா பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பின்வாசல்? பின்வாசலை மறைத்துக் கூரை முட்ட பெருநாள் சரக்கு. கடை முன்னால் நடக்க இடம் வேண்டும், எல்லாவற்றையும் பின்னால் அடுக்குங்கள் என்று லாரிக்காரப் பையன்களை விரட்டி அடுக்கவைத்தவள் வேறு யாருமில்லை, அவளேதான்.

சுஹானாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஓங்கி ஒரு உதை விட்டாள், கால்தான் வலித்தது.

"விடும்மா," என்றாள் சவுந்தரம் அக்கா, ஸ்டூலில் வசதியாக உட்கார்ந்துகொண்டு. "தொழுதுட்டு வந்து தொறந்துட்டுப் போறாரு. அதுவரைக்கும் நா சேல பாக்கறேன். இதுல எது சுத்த வெள்ள, எது பால் வெள்ள?"

அதுதான் வினை. எந்தச் சேலையானாலும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தால்தான் நிறம் தெரியும். அந்தத் தெருவில் துணி எடுப்பவர்கள் எல்லாருக்கும் அது வழக்கம். வாசல்தான் பூட்டிக் கிடக்கிறதே. டியூப் லைட்டில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை. அக்கா ஒன்றை எடுப்பாள், மஞ்சளடிக்குதே என்பாள், வைப்பாள். சுஹானா எடுத்துக் காட்டினாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். வாய் தானாக ஜரிகை கணக்கு சொல்லியது, கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

ஹுஸ்னா ஷூ போட்டுக்கொண்டு ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, அட்டைப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கனி வந்து ஷட்டரைத் தூக்கியபோது இரண்டரைக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே மூன்று பேரையும் பார்த்துத் திகைத்தான். "அல்லா, நெனப்பில்லாம பூட்டிட்டேன்லா," என்றான். அதற்குள் சவுந்தரம் அக்கா வெளிச்சத்தில் சேலையைப் பிடித்துப் பார்த்து, இதுதான் என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு நாலைந்து எடுத்து வைத்திருந்தாள். கனியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல ஐடியால்ல இது. இனிமே வெள்ளிக்கெழமையும் பொம்பளைங்க கஸ்டமர உள்ள வச்சே காட்டலாம் போல," என்று சிரித்தான்.

சுஹானா அவனைப் பார்த்த பார்வையில் ஷட்டர் உருகியிருக்க வேண்டும். அவன் பில் போட்டுக்கொண்டிருந்தான்.

பெட்டியில் சுருண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்து சவுந்தரம் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "நா ஃபெரியிலதான் போறேன். பிள்ளைய நா கூட்டிட்டுப் போறேனே. நாலு மணிக்கு எம் மக இந்தப் பக்கம் வருவா, அவ கூட பத்திரமா அனுப்பி வைக்கிறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சுக்கா," என்றான் கனி.

நல்லதாப் போச்சாம். ஸ்விம்மிங்குக்கு ஒரு மாமி, ஃபெரிக்கு ஒரு அக்கா. பெற்றவள் எதற்கு, சேலை மடிக்கவா? ஹுஸ்னா எழுந்து வந்து ஷூவை மாட்ட ஆரம்பித்திருந்தாள். அம்மா வருவாளா என்று அவள் கேட்கக்கூட இல்லை. சுஹானா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தாள்.

"நாந்தான் கூட்டிட்டுப் போறேன்."

"இப்பவா? கூட்டம் வர்ற நேரம்."

"வரட்டும். நீங்க இருக்கீங்கல்ல."

வெயிலில் மூன்று பேரும் ஃபெரி ஏறும் ஜெட்டிக்கு நடந்தார்கள். ஹுஸ்னா ஒரு கையை அம்மாவுக்கும் ஒரு கையை அக்காவுக்கும் கொடுத்துக் குதித்துக் குதித்து வந்தாள். சுஹானாவுக்கு நெஞ்சு லேசானது. வாரக் கடைசியிலாவது ஒன்று நடந்தது என்று நினைத்தாள்.

ஃபெரி நகர்ந்ததும் போன் அடித்தது. கனிதான். பச்சைக் கரை போட்ட கட்டு எங்கே என்றான். சொன்னாள். வைத்தாள். மறுபடி அடித்தது. அலோர் ஸ்டார் கடைக்காரர் வந்திருக்கிறார், போன தடவை என்ன விலைக்குக் கொடுத்தோம் என்றான். எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பழைய விலையைவிடக் குறைத்துச் சொல்லித் தொலைத்தான் என்றால் அந்த ஆள் காலத்துக்கும் அதையே பிடித்துக்கொள்வார். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, ஒரு காதைப் பொத்திக்கொண்டு உள்பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அங்க பாரு. குட்டிப் படகு பெரிய கப்பல இழுத்துட்டுப் போவுது."

"ம்ம், பாக்குறேன் பாக்குறேன். இல்லங்க, அந்தக் கட்டு இல்ல, அடுத்த தட்டுல பாருங்க."

"அம்மா, கிட்ட வந்துருச்சு."

"ம்ம்."

அலோர் ஸ்டார்க்காரரிடமே போனைக் கொடுத்தான் கனி. அவர் பேரம் பேசினார். இவளும் விடவில்லை. படிந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஃபெரி கரையில் இடித்து நின்றிருந்தது, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் கடலையே பார்க்கவில்லை.

ஜெட்டியில் இறங்கியதும் ஹுஸ்னா அவள் கையைப் பிடித்து ஆட்டினாள். முகம் பொங்கி வழிந்தது. "பாத்தியாம்மா?"

"பாத்தேனே."

"அந்தக் குட்டிப் படகு என்ன கலரு, சொல்லு பாப்போம்."

சுஹானா ஒரு நொடி தடுமாறினாள். கடல், படகு. "நீலம்," என்றாள்.

ஹுஸ்னா அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "ஆமா, நீலம்," என்றாள். பிறகு சவுந்தரம் அக்கா பக்கம் திரும்பி, "நீலம்தான், இல்ல ஆன்ட்டி?" என்றாள்.

சவுந்தரம் அக்கா பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, பஸ் வந்துரும்மா, போயிட்டு வரேன் என்று சேலைப் பையோடு அவசரமாக நடந்துவிட்டாள்.

சுஹானா திரும்பிப் பார்த்தாள். அந்தக் கப்பல் இன்னும் தூரம் போயிருக்கவில்லை. அதற்கு முன்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன படகு பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை தாயைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறாள். இந்த வயதில் அதைப் படித்துக்கொண்டுவிட்டாள். சுஹானாவுக்கு வெட்கமாக இருந்தது, தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போன் அடித்தது. எடுத்தாள்.

"சுஹானா, இந்த ஜரிக வச்ச..."

"என்னங்க, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. திங்கக்கெழமைலேருந்து லீவு முடியிற வரைக்கும் நா காலையில மட்டும்தான் கடைக்கு வருவேன். ஆளப் பாருங்க. கெடைக்கலன்னா மத்தியானம் பூட்டிப் போடுங்க. பூட்டுறதுதான் ஒங்களுக்கு நல்லா வருதே. ஞாயித்துக்கெழம ஒங்க அக்கா வரட்டும், பிரியாணி ஆக்கிப் போடறேன். பிள்ளைய அனுப்ப மாட்டேன்."

"ஏய், வெளையாடாதலா, பெருநாள் நேரத்துல..."

அவள் போனை அணைத்தாள். சொன்னபடி நடக்குமா, நாளைக்கே சண்டை எத்தனை தூரம் போகும் என்று ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைக்கு முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஹுஸ்னா, அந்தப் படகு ஆரஞ்சு. அம்மா பாக்கல. போன் பேசிக்கிட்டே இருந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்மா," என்றாள் ஹுஸ்னா.