லயம் எப்படி இருக்கு?

“ஸ்பீக்கர ஏன் வாசலப் பாத்து வச்சிருக்கீங்க, விஷாலினி அப்பா? கார் நிறுத்துறவனுக்கா பாட்டு?”

“கூட்டம் வாசல் வழியாதான வரும்?”

“கூட்டம் வர்றதுக்கு இது தீமிதியா? வரப்போறது ஒரே மனுசன். உக்காரப்போறது இந்த நாற்காலில.”

புனிதன் மனைவியை முறைத்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். தனேஸ்வரி சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ளாமலே ஸ்பீக்கரைத் திருப்பினார். பத்தாங் பெர்ஜுந்தாயில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பாட்டுச் செட்டு வாடகைக்கு விட்டே காலம் ஓட்டியவர்கள் இருவரும். குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டினால் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்க வேண்டும். இவ்வளவு நாளும் அதுதான் தொழில்.

இது அப்படியில்லை. கோல சிலாங்கூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தை பிளைவுட்டால் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி, மறுநாள் ஒலிக்கருவிக் கண்காட்சி நடக்கவிருந்தது. அவர்கள் அறையில் நின்ற ஜோடி ஸ்பீக்கரின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். அதை வெளிநாட்டிலிருந்து இறக்குபவர் அம்பிகைபாகன். இந்த வட்டாரத்துக்கு ஒரு ஏஜென்சி கொடுக்கப்போகிறார். ராவாங் கடைக்காரர் ஒருவரும் கேட்கிறார். யார் பொருத்துவது காதுக்கு நிறைவாக இருக்கிறதோ அவருக்கு.

தனேஸ்வரிக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். போன மாதம் ஈஜோக்கில் ஒரு கல்யாணத்துக்கு லோரியிலிருந்து பெட்டி இறக்கும்போது புனிதனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மணப்பெண் வருவதற்கு முன்னால் அவரைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார்கள். கடையில் உட்கார்ந்து விற்கிற தொழில் ஒன்று வந்துவிட்டால், இவர் லோரி ஏற வேண்டாம்.

“சுவத்த விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. குடத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கு.”

“தள்ளியாச்சு.”

“சத்தத்தக் கொறைங்க.”

“கொறைச்சா எப்படிக் கேக்கும்?”

“அவரு காது கேக்குற மனுசன்தான். கொறைங்க.”

புனிதன் குறைத்தார். ஒரு பழைய கச்சேரி இசைத்தட்டு சுழன்றது. ஸ்பீக்கர் முகத்தை விரலளவு உள்பக்கம் திருப்பியதும், பாடுகிற அம்மாள் எழுந்து வந்து இரண்டுக்கும் நடுவில் நின்றதுபோல் இருந்தது. மூச்சு இழுப்பது கூடக் கேட்டது.

“யாருங்க நடுவுல?”

“நடுவுல ஒன்னும் இல்ல லா. வெறும் சுவரு.”

தனேஸ்வரி அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அம்பிகைபாகன் உள்ளே வந்தார். உயரமான மனிதர், தலை முழுக்க வெள்ளை. நேரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். பாட்டு பாதி ஓடியது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“குரல் வடிவா நடுவில நிக்குது. லயம் எப்படி இருக்கு?”

“லயம் எங்க சார் இருக்கு? அத இடிச்சு எத்தனையோ வருசமாச்சு. எங்க வீடு இருந்த எடத்துல இப்ப செம்பனை நிக்குது” என்றாள் தனேஸ்வரி.

புனிதன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “தாளத்தக் கேக்குறாரு, ஈஸ்வரி! தோட்டத்துல நம்ம இருந்த வரிசை வீட்டயில்ல!”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, ராவாங்காரருக்குத்தான் ஏஜென்சி என்று நினைத்தாள். அம்பிகைபாகன் கண்ணைத் திறந்தார்.

“எந்தத் தோட்டம், தங்கச்சி?”

“மூங்கிலாத்துத் தோட்டம், சார்.”

“என்ர அப்பா வேற தோட்டத்தில கிராணி, கணக்கு எழுதினவர். லயத்துப் பக்கம் எங்களை விடமாட்டினம். அங்க பாட்டுக் கேப்பீங்களோ?”

“கேக்காம? பக்கத்து வீட்டு நாகமணியக்காகிட்ட ரேடியோ இருந்துச்சு. அவங்க வீட்டுக்காரருக்குக் கூட்டம் புடிக்காது. கதவச் சாத்திட்டுத்தான் வைப்பாரு. பலகைச் சுவரு பாருங்க, குரலு அங்கயே நின்னுக்கும். எங்க பக்கம் வர்றது தவிலும் மிருதங்கமும்தான். எங்கம்மா அத வச்சே இன்ன பாட்டுன்னு சொல்லிப்புடும். வார்த்தைய நாங்களே போட்டுக்குவோம். எங்க தம்பி ஐயாவு கருவாடு, கோழிக்குஞ்சுன்னு வாய்க்கு வந்ததப் போட்டுப் பாடுவான். இன்னிக்கும் எனக்குத் தெரிஞ்சது அவன் பாட்டுதான்.”

“அப்ப உங்களுக்கு லயம் மட்டும்தான் வந்தது.”

“ஆமா சார். லயத்துக்கு லயம் மட்டுந்தான் வந்துச்சு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து, “அதைக் கேக்க வேணும். வாங்கோ” என்று வெளியே நடந்தார்.

அடுத்த அறையில் இன்னும் யாரும் கடை போடவில்லை. காலி அட்டைப்பெட்டிகளை நகர்த்திவிட்டு இருவரும் பிளைவுட்டில் காதை வைத்தார்கள். அந்தப் பக்கம் புனிதன் ஊசியைத் தட்டில் இறக்கினார். தும், தும் என்று வந்தது. வார்த்தையில்லை.

“இப்படித்தானோ?”

“இன்னும் கொஞ்சம் சத்தமா இருக்கும் சார். நாகமணியக்கா வீட்டுக்காரருக்குக் காது மந்தம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் விரல்கள் பலகையில் தட்டத் தொடங்கியிருந்தன. அம்மா இப்படித்தான் தட்டுவாள். எத்தனை தடவை கழுவினாலும் ரப்பர் பால் நாற்றம் போகாத கை அது. அடுப்பில் சோறு கொதிக்கும், அந்தக் கை பலகையில் இருக்கும், ஐயாவு கருவாட்டைப் பாடுவான். தனேஸ்வரி அதே வரியை வாய்க்குள் முணுமுணுத்தாள்.

அம்பிகைபாகன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டை முடியும்வரை கேட்டார்.

“நாளைக்கு ஆக்கள் வருவினம். முதல்ல அந்தப் பக்கம் நிக்க வையுங்கோ, பிறகு உள்ளுக்குக் கூட்டி வாங்கோ. லயத்துக் கதையையும் சொல்லுங்கோ. சொன்னால் இது விக்கும்.”

“சொல்லுவா சார்! நல்லா சொல்லுவா!” என்றார் புனிதன்.

“கதை வேணாம் சார்” என்றாள் தனேஸ்வரி.

புனிதன் ஒரு கையால் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளுக்கும் அது தெரிந்தது. தெரிந்துதான் சொன்னாள்.

“நிக்க வைக்கிறேன், உள்ள கூட்டிட்டு வர்றேன். நீங்க எந்தத் தோட்டம்னு கேட்டீங்க, சொன்னேன். பொட்டி விக்கிறதுக்கு எங்கம்மாவ இழுக்க எனக்கு வராது.”

அம்பிகைபாகன் எழுந்து, தட்டை உறைக்குள் போட்டார்.

“ராவாங்காரர் தன்ர கடையின்ர கதை, தாத்தாவின்ர கதை எல்லாம் சொன்னவர். பாட்டுக் கேக்க நேரமே கிடைக்கேல்லை.” புனிதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஏஜென்சி உங்களுக்கு. கதை வேண்டாம், பாட்டைப் போடுங்கோ.”

மறுநாள் தனேஸ்வரி வந்தவர்களையெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, “கேளுங்க” என்று மட்டும் சொன்னாள். பிறகு உள்ளே கூட்டிப்போனாள். சிலர் வாயைப் பிளந்தார்கள், சிலர் விலையைக் கேட்டுவிட்டு ஓடினார்கள். மத்தியானம், புக்கிட் செந்தோசாவிலிருந்து மகனோடு ஓர் அம்மாள் வந்தார். மகன் உள்ளே போய்விட்டான். அம்மாள் பலகையில் காதை வைத்தவர் எடுக்கவில்லை.

“உள்ள வாங்கக்கா. அங்கதான் வார்த்தையெல்லாம் தெளிவா கேக்கும்.”

“இருக்கட்டும்மா. நீ என்னா வார்த்தை போடுவ இதுக்கு?”

தனேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். தானும் பக்கத்தில் நின்று காதை வைத்தாள்.

“கருவாடுக்கா” என்றாள்.

அம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“ஈஸ்வரி! அங்க என்ன சிரிப்பு? இங்க நாற்காலி காலியா கெடக்கு!” என்று உள்ளேயிருந்து புனிதன் கத்தினார்.

“இருங்க லா! பாட்டு இன்னும் முடியல!”