டைவகேட் செய்த பேருந்து

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், பேருந்துப் பணிமனையின் வரலாற்றிலேயே முதன்முறையாக ‘டைவகேட்’ என்னும் ஆங்கில வினைச்சொல் ஒரு மெமோவில் எழுந்தருளியது. எழுதியவர் கிளை மேலாளர். வாங்கியவள் பதினேழாம் தடத்து ஓட்டுநர். வேலை நிரந்தரமாக அவளுக்கு இன்னும் ஒன்பதே நாள். அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் வீட்டுக்குத்தான்.

‘தாங்கள் பேருந்தை டைவகேட் செய்தமைக்கு விளக்கம் தருக.’ நான்கு முறை படித்தாள். மெமோவை நடத்துநரிடம் நீட்டினாள்.

“என்னண்ணே இது, கொலைக் குத்தமா?”

நடத்துநர் செல்போனில் தட்டிப் பார்த்தார். “வழியை விட்டு அலையறதாம்மா. பேச்சுலகூட அலையலாமாம். நேத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினோமில்ல, அதுக்குத்தான் மனுஷன் இங்கிலீஷ் கோட்டு மாட்டி அனுப்பியிருக்காரு.”

முந்தின நாள் ஒரு பயணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் சரிந்திருந்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரி வாசலில் பேருந்தையே கொண்டுபோய் நிறுத்தினாள். ஆள் பிழைத்துக்கொண்டார்.

விசாரணைக்கு மண்டல அதிகாரி வந்தார். “டைவகேட்னா என்னய்யா?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. லத்தீன் மொழியில் கிளம்பி, தன் கல்லூரிக்குள் நுழைந்து, அங்கே வாங்கிய கட்டுரைப் பரிசைத் தூக்கிக்கொண்டு, பரிசு தந்தவருடைய மாமனார் வீட்டு மாடிப்படிவரை ஏறிவிட்டார். அரை மணி நேரம். அதிகாரியின் டீ ஆடை கட்டிவிட்டது.

“அந்தப் படியில நிக்கும்போதுதான் சார், எனக்கு…”

ஓட்டுநர் மெல்லக் கையைத் தூக்கினாள். போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

“சார், நான் ரெண்டு தெருதான் சுத்தினேன். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டு, திரும்பியும் வந்துட்டேன்.”

அதிகாரி குபீரென்று சிரித்தார். சிரித்தபடியே மெமோவின் குறுக்கே கோடு கிழித்தார்.

“போம்மா, போய் வண்டியை எடு.” மேலாளர் பக்கம் திரும்பினார். “நீங்க அந்த மாடியிலேர்ந்து மெதுவா இறங்கி வாங்க. அவசரமில்ல.”

வெளியே காத்திருந்த நடத்துநர் அவள் முகத்தைப் பார்த்ததுமே விசிலை எடுத்து ஊதினார். படியேறும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. பதினேழாம் எண் வண்டி அன்று காற்றாய்ப் பறந்தது.

சொன்ன நாளில் நிரந்தர ஆணை வந்தது. அவள் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போட்டிருந்தார்கள்.